கட்டியவரே வந்து சரிசெய்ய வேண்டும்

வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போன கட்டுநரைப் பல ஆண்டுகள் கழித்து அழைத்து, அவர் செய்த வேலையில் குறை இருக்கிறது என்று சொன்னால், பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில் "வீடு பழசாகிவிட்டது" என்பதுதான். வீடு பழசாவது உண்மை என்பதால், இந்தப் பதிலைக் கேட்டதும் மறுபேச்சுப் பேசத் தோன்றாது. ஆனால் காலத்தால் வரும் தேய்வும், கட்டிய நாளிலேயே உள்ளே புதைந்துவிட்ட குறையும் ஒன்றல்ல. அவற்றைப் பிரித்துக் காட்ட வழி உண்டு. பிரித்துக் காட்டிவிட்டால் அதன் பிறகு நடக்கும் பேச்சு வேறு விதமாக இருக்கும். எங்கள் வீட்டு மேல்தளக் கம்பிகள் துருப்பிடித்து, அதைக் கட்டியவரையே கொண்டு சரிசெய்ய வைத்த அனுபவத்திலிருந்து நான் கற்றது இதுதான். இதே நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

எங்களுக்குக் கிடைத்த முதல் அடையாளம் படுக்கையறை மேல்தளத்தின் அடிப்பக்கத்தில் நேர்கோடாக ஓடிய ஒரு மெல்லிய விரிசல். பூச்சு காயும்போது விழும் விரிசல்கள் வலைபோலக் கண்டபடி ஓடும். கம்பி துருப்பிடிப்பதால் வரும் விரிசலோ கம்பி போகும் திசையிலேயே, ஏறக்குறைய கம்பிகளுக்கு இடையே உள்ள அதே இடைவெளியில், கோடு கோடாகத் தோன்றும். இந்த வேறுபாட்டை அறிந்திருந்த ஒரு கட்டமைப்புப் பொறியாளர், வந்து பார்த்த உடனேயே சிறு சுத்தியலால் தளத்தைத் தட்டிப் பார்த்தார். சில இடங்களில் கெட்டியான ஓசையும் சில இடங்களில் உள்ளே பொள்ளலாக இருப்பதைக் காட்டும் ஓசையும் கேட்டன. பொள்ளலாக ஒலித்த ஓர் இடத்தில் பூச்சை அகற்றியதும், கான்கிரீட்டின் விளிம்பிலேயே, கிட்டத்தட்ட வெளியே தெரியும்படி, துருவேறிய கம்பி கிடந்தது. கம்பிக்குக் கீழே இருக்க வேண்டிய கான்கிரீட் உறை, அதாவது வேலை செய்பவர்கள் 'கவர்' என்று சொல்வது, அந்த இடத்தில் ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை.

இப்படிப்பட்ட குறை ஏன் ஆண்டுக்கணக்கில் மறைந்து கிடக்கிறது என்பதைப் புரிந்துகொள்வது மிகவும் அவசியம். ஏனென்றால் "குறை இருந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்குமே" என்ற கேள்விக்கு அதில்தான் விடை இருக்கிறது. புதிய கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது, அதன் பி.எச். மதிப்பு 12.5க்கு மேல் இருக்கும். அந்தக் காரச் சூழலில் கம்பியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி, கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றில் உள்ள கரியமில வாயு கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மெல்ல உள்ளே போய் அங்குள்ள சுண்ணாம்புடன் வினைபுரியும்போது காரத்தன்மை குறைகிறது. பி.எச். மதிப்பு ஏறத்தாழ 9க்குக் கீழே இறங்கிய பகுதி கம்பியைத் தொட்டுவிட்டால் பாதுகாப்புப் படலம் அழிகிறது. அதன் பிறகு ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தால் போதும், துரு தொடங்கிவிடும். துருவின் பருமன் அது உருவான இரும்பின் பருமனைப் போல் பல மடங்கு, சில சேர்மங்களில் ஆறு மடங்கு வரையிலும் இருக்கும். அந்த வீக்கத்தைத் தாங்க முடியாமல் கான்கிரீட் பிளந்து பெயர்கிறது.

இந்த வாயு உள்ளே இறங்கும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்திற்கு ஏற்பவே வளர்கிறது என்பது பொறியியலில் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ள கணக்கு. அதாவது 10 மில்லிமீட்டர் ஆழத்திற்கு இறங்க 8 ஆண்டுகள் ஆகும் கான்கிரீட்டில், 20 மில்லிமீட்டருக்கு இறங்க 32 ஆண்டுகளும் 30 மில்லிமீட்டருக்கு இறங்க 72 ஆண்டுகளும் ஆகும். உறையின் தடிமன் பாதியாகக் குறைந்தால் கம்பிக்குக் கிடைக்கும் பாதுகாப்புக் காலம் பாதியாகக் குறைவதில்லை, கால்பங்காகக் குறைந்துவிடுகிறது. சென்ட்ரிங் பலகையின் மேல், கம்பியைச் சற்று உயர்த்தி நிறுத்தும் சிறு கட்டையான கவர் பிளாக்கை வைக்காமல் கம்பியை அப்படியே கிடத்திக் கான்கிரீட் போட்டதால் மிச்சமான நேரம் சில நிமிடங்கள்தான். அதனால் வீடு இழந்தது பல பத்தாண்டுகளின் ஆயுள். இருந்தும் முதல் சில ஆண்டுகளில் யாருக்கும் எதுவும் தெரியாது. தளத்தின் அடியில் பூச்சு பூசி, வண்ணம் அடித்து, மிக அழகாக ஒப்படைத்திருப்பார்கள். இக்குறை பிற்காலத்தில் வெளிப்படுவது அதன் இயல்பு. தாமதமாகத் தெரிந்தது என்பதால் தாமதமாகத் தோன்றியது என்று ஆகிவிடாது.

இதைக் கட்டுநரிடம் எப்படி நிரூபிப்பது என்பதில்தான் அந்தப் பொறியாளரின் அணுகுமுறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பாதிக்கப்பட்ட அறையை மட்டும் சோதித்திருந்தால் அறிக்கையில் "கம்பி துருப்பிடித்துள்ளது, உறை குறைவு" என்ற வரிதான் இருந்திருக்கும். அதற்குக் கட்டுநர் ஆயிரம் காரணம் சொல்லியிருக்கலாம். பொறியாளரோ நல்ல நிலையில் இருந்த அறைகளையும் சேர்த்துச் சோதித்தார். கான்கிரீட்டுக்குள் கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை உடைக்காமலே காட்டும் கவர் மீட்டரைக் கொண்டு, ஒவ்வொரு அறையின் தளத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து அளந்து, வரைபடத்தில் குறித்தார். கூடத்தின் தளத்தில் பெரும்பாலான அளவுகள் 20 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தன. அங்கே விரிசல் எதுவும் இல்லை. படுக்கையறையிலும் அதையொட்டிய நடையிலும் பெரும்பாலான அளவுகள் ஒற்றை இலக்கத்தில் இருந்தன. விரிசல் முழுவதும் அங்கேதான். பிறகு இரண்டு இடங்களிலும் சிறு துளையிட்டு, புதிதாக உடைத்த கான்கிரீட்டின் மேல் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தார். காரத்தன்மை மிச்சமிருக்கும் பகுதி அடர்ந்த இளஞ்சிவப்பாக மாறும். காரத்தன்மை இழந்த பகுதி நிறம் மாறாமல் அப்படியே இருக்கும். இரண்டு அறைகளிலும் நிறம் மாறாத பகுதியின் ஆழம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆகவே கான்கிரீட் ஒன்று, வயது ஒன்று, காற்று ஒன்று, குடியிருந்தவர்களும் பராமரிப்பும் ஒன்று. வேறுபட்டது கம்பி வைத்த விதம் மட்டும்தான்.

குறையுள்ள வேலைக்கு எதிராக அதே வீட்டின் குறையற்ற வேலையைச் சாட்சியாக நிறுத்துவதைவிட வலுவான வாதம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வயதுதான் காரணம் என்றால் கூடத்திற்கும் அதே வயதுதான். மேலிருந்து ஒழுகும் தண்ணீர்தான் காரணம் என்றால், இரண்டுக்கும் மேலே இருப்பது ஒரே மொட்டைமாடி. இதே முறையை வேறு குறைகளுக்கும் பயன்படுத்தலாம். ஒரு குளியலறையில் மட்டும் சுவர் ஓதம் காத்தால், அதே போன்ற மற்றொரு குளியலறையில் தரை வாட்டம் எப்படி இருக்கிறது, நீர்த்தடுப்புப் பூச்சு சுவரில் எவ்வளவு உயரம் ஏற்றப்பட்டிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஓடு பெயர்ந்துவிட்டால், பெயர்ந்த ஓட்டின் பின்புறத்தில் பசைக்கலவை முழுப்பரப்பிலும் ஒட்டியிருக்கிறதா, நான்கைந்து உருண்டைகளாக மட்டும் வைத்து அழுத்தியிருக்கிறார்களா என்பதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். குறை எங்கே இருக்கிறது என்று காட்டுவது பாதி வேலைதான். அது ஏன் அங்கே மட்டும் இருக்கிறது என்று காட்டும்போதுதான் மறுபக்கம் சிந்திக்கத் தொடங்குகிறது.

பொறியாளரைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். பழுதுபார்க்கும் ரசாயனம் விற்கும் நிறுவனங்கள் பல, இலவசமாகவே வந்து பார்த்து அறிக்கை தருகின்றன. அவர்களுடைய அறிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் தங்கள் பொருளையே பரிந்துரைக்கும் ஒருவரின் முடிவைக் கட்டுநர் எளிதில் தள்ளிவிடுவார், நடுவர் முன்னால் போனாலும் அதற்குரிய எடை கிடைக்காது. பழுதுபார்க்கும் வேலையில் எந்த ஆதாயமும் இல்லாத, உரிமம் பெற்ற கட்டமைப்புப் பொறியாளருக்கு உரிய கட்டணம் கொடுத்து, அளவுகள், படங்கள், சோதித்த நாள், பயன்படுத்திய கருவி, காரணம் பற்றிய கருத்து ஆகியவற்றுடன் கையொப்பமிட்ட அறிக்கை பெறுவதே சரி.

கட்டுநரின் முதல் எதிர்வினை நல்லெண்ணம் நிறைந்ததாகவே இருந்தது என்பதை நேர்மையாகப் பதிவுசெய்ய வேண்டும். தொலைபேசியில் சொன்னதும் மேற்பார்வையாளர் ஒருவரை அனுப்பினார். வந்தவர், பெயர்ந்த இடங்களைக் கொத்தி, சிமென்ட் கலவை பூசி, அறை முழுவதற்கும் வண்ணம் அடித்துத் தருவதாகவும், வேலையைச் சில நாள்களில் முடித்துவிடலாம் என்றும் சொன்னார். அதை ஏற்றுக்கொள்ளும் ஆசை வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. சண்டையில்லாமல், செலவில்லாமல் ஒரு தீர்வு கண்முன்னே வரும்போது அதை மறுப்பது எளிதல்ல. இருந்தாலும் மறுத்தோம். துருவை முழுமையாக நீக்காமல் அதன் மேல் புதிய கலவையைப் பூசினால் உள்ளே துரு நிற்பதில்லை. அதைவிட மோசமானது இன்னொன்று உண்டு: உப்பு கலந்த கான்கிரீட்டில் ஓர் இடத்தை மட்டும் புதுக்கலவையால் ஒட்டுப்போட்டால், அந்த ஒட்டைச் சுற்றியுள்ள பழைய பகுதியில் இருக்கும் கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கலாம். அதுவரை துருப்பிடித்துக்கொண்டிருந்த பகுதிதான் மின்வேதியியல் முறையில் பக்கத்துக் கம்பியை ஓரளவு காத்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் அந்தக் காவல் நீங்கிவிடுகிறது. மேலும், வண்ணம் அடித்து முடித்துவிட்டால் சாட்சியும் மறைந்துவிடும், அடுத்த விரிசல் தோன்றுவதற்குள் சட்டம் கொடுத்த காலமும் கடந்துவிடக்கூடும். ஆகவே "காரணத்தை எழுத்தில் ஒப்புக்கொண்டு, அந்தக் காரணத்தைத் தீர்க்கும் முறையை எழுத்தில் கொடுத்தால் மட்டுமே வேலையைத் தொடங்கலாம்" என்று பணிவாகவும் உறுதியாகவும் சொன்னோம்.

அதன் பிறகு நல்லெண்ணம் குறைந்தது. அழைப்புகளுக்குப் பதில் வரவில்லை. இந்தக் கட்டத்தில் பலர் செய்வது இரண்டு: ஒன்று, கோபத்தில் வேறொருவரை வைத்து உடனே சரிசெய்துவிட்டுச் செலவுக்கணக்கை அனுப்புவது, இன்னொன்று, மீண்டும் மீண்டும் தொலைபேசியிலேயே முறையிட்டுக்கொண்டிருப்பது. இரண்டுமே நம் நிலையைப் பலவீனப்படுத்துகின்றன. கட்டியவருக்குப் பார்வையிடவும் சரிசெய்யவும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பது பல நாடுகளின் ஒப்பந்தச் சட்டங்களில் ஏதோ ஒரு வடிவத்தில் உள்ள எதிர்பார்ப்பு. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2002ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், புதிய வீடுகளின் குறைகளுக்காக வழக்குத் தொடுப்பதற்கு முன்பு கட்டுநருக்கு அறிவிப்புக் கொடுத்து, பார்வையிட்டுச் சரிசெய்ய வாய்ப்பளிக்க வேண்டும் என்றே விதிக்கிறது. அவர் பார்ப்பதற்கு முன்பே உடைத்துச் சரிசெய்துவிட்டால், "நான் பார்த்திருந்தால் இதைவிடக் குறைந்த செலவில் செய்திருப்பேன்" என்றோ, "அங்கே குறையே இல்லை" என்றோ அவர் சொல்லும்போது நம்மிடம் காட்ட எதுவும் இருக்காது. தளம் ஆபத்தான நிலையில் இருந்தால் மட்டும், பொறியாளர் சொன்னபடி முட்டுக்கொடுத்து, அந்த அறையைப் புழங்காமல் வைத்து, அதையும் படம் எடுத்துக் கட்டுநருக்குத் தெரிவித்துவிட வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். பெயர்ந்து விழுந்த கான்கிரீட் துண்டுகளைக்கூட நாளும் இடமும் குறித்த பைகளில் போட்டு வைத்தோம்.

கடிதம் எழுதுவதில் மிகுந்த கவனம் தேவை. நாங்கள் அனுப்பிய கடிதத்தில் கோபச் சொல் ஒன்றுகூட இல்லை. "ஏமாற்றிவிட்டீர்கள்" என்ற சொல் எழுதியவருக்கு ஆறுதல் தருமே தவிர, வேலையை நகர்த்தாது. வீடு ஒப்படைக்கப்பட்ட நாள், குறை முதலில் கண்ணில்பட்ட நாள், ஒப்பந்தத்துடன் இணைக்கப்பட்ட வரைபடத்தில் தளக் கம்பிக்கு எவ்வளவு உறை என்று குறிப்பிடப்பட்டிருந்தது, அளந்தபோது எவ்வளவு இருந்தது, நல்ல அறையையும் பாதிக்கப்பட்ட அறையையும் ஒப்பிடும் அட்டவணை, அவர் வந்து பார்வையிட நாங்கள் முன்வைக்கும் நாள்கள், பார்வையிட்ட பின் எழுத்துமூலமான செயல்முறை வர வேண்டிய கெடு ஆகியவை மட்டுமே அதில் இருந்தன. ஒப்பந்தத்தையும் வரைபடத்தையும் இத்தனை ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தது இங்கே பெரும் உதவியாக அமைந்தது. வரைபடத்தில் எழுதிய எண் ஒன்று, தளத்தில் அளந்த எண் வேறொன்று என்ற நிலையில், விவாதம் யாருடைய தொழில் கருத்து சரி என்பதிலிருந்து, கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டதா என்பதற்கு இறங்கிவிடுகிறது. கடிதம் ஒப்புகையுடன் கூடிய பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பப்பட்டது. தொலைபேசியில் பேசியவற்றை அன்றன்றே "இன்று பேசியதன் சுருக்கம்" என்று மின்னஞ்சலில் எழுதி அனுப்புவதையும் வழக்கமாக்கிக்கொண்டோம்.

இனி காலக்கெடு. இதை நாடுதோறும் வெவ்வேறாக வைத்திருக்கிறார்கள் என்பதால் தத்தம் நாட்டு வழக்கறிஞரிடம் கேட்பதற்கு மாற்று இல்லை, ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது. காலம் எத்தனை ஆண்டு என்பதைவிட, அது எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதே முக்கியமான கேள்வி. பிரான்சின் குடிமைச் சட்டம் 1804ஆம் ஆண்டிலிருந்தே கட்டடத்தின் உறுதியைப் பாதிக்கும் குறைகளுக்குப் பத்து ஆண்டுப் பொறுப்பைக் கட்டியவர்மேல் சுமத்தி வந்திருக்கிறது. இன்று அது வேலையை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து எண்ணப்படுகிறது. ஜெர்மனியில் கட்டட வேலைக்கு, ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள். ஜப்பானில் 1999ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வீடுகளின் முக்கியக் கட்டமைப்புப் பகுதிகளுக்கும் மழைநீர் புகுவதைத் தடுக்கும் பகுதிகளுக்கும் பத்து ஆண்டுப் பொறுப்பை விதிக்கிறது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வீட்டைக் கையில் ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரிவிக்கப்பட்டால், கட்டி விற்றவர் கூடுதல் கட்டணம் இல்லாமல் முப்பது நாள்களுக்குள் சரிசெய்ய வேண்டும், செய்யாவிட்டால் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. இங்கிலாந்தில் கவனக்குறைவு தொடர்பான வழக்குகளில், மறைந்திருந்த சேதம் தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் தரப்படுகின்றன, ஆனால் மொத்தத்தில் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டக்கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பிட்டிருக்கிறது. குடியிருக்கத் தகாத வீடுகள் தொடர்பான உரிமைகோரலுக்கு அங்கே 2022ஆம் ஆண்டில் காலம் பெரிதும் நீட்டிக்கப்பட்டு, பழைய வேலைகளுக்கு முப்பது ஆண்டுகள் வரைகூடப் பின்னோக்கிச் செல்ல வழி செய்யப்பட்டது.

இவற்றைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, இந்தப் பொறுப்பின் பழமை. சுமார் கி.மு. 1750ஐச் சேர்ந்த ஹம்முராபியின் சட்டத் தொகுப்பிலேயே, கட்டிய சுவர் சாயும் நிலைக்கு வந்தால் கட்டியவர் தன் சொந்தச் செலவில் அதை உறுதிப்படுத்தித் தர வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. நாம் கேட்பது சலுகை அல்ல என்ற எண்ணம் நம் குரலைத் தானாகவே சீராக்கிவிடுகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கட்டுநருடன் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்பதால் சட்டத்தின் கடிகாரம் நின்றுவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஜெர்மனியின் சட்டம் பேச்சுவார்த்தை நடக்கும் காலத்தைக் கணக்கிலிருந்து நிறுத்தி வைக்கிறது. எல்லா நாடுகளிலும் அப்படி இல்லை. "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்ற இனிமையான பதில்களாலேயே கெடு கடந்துபோன குடும்பங்கள் உண்டு. கெடு நெருங்கினால், பேச்சு முடியும்வரை காலத்தை எண்ணுவதில்லை என்று இருதரப்பும் கையொப்பமிடும் எழுத்துமூல ஒப்பந்தம் தங்கள் நாட்டில் செல்லுமா என்று வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். செல்லாது என்றால், உறவு கசந்தாலும், உரிய அமைப்பில் முறையீட்டைப் பதிவுசெய்துவிட்டுத்தான் பேச்சைத் தொடர வேண்டும்.

கடிதம் போன பிறகு கட்டுநர் தம் பொறியாளரை அழைத்துக்கொண்டு வந்தார். அவர்களும் கவர் மீட்டர் கொண்டுவந்து அளந்தார்கள். எங்கள் அளவுகளும் அவர்களுடைய அளவுகளும் பெரிதாக வேறுபடவில்லை. அந்த ஒரு வருகையில், "பழசாகிவிட்டது" என்ற சொல் பேச்சிலிருந்து மறைந்தது. அதற்குப் பதிலாக, கம்பி கட்டும் வேலையைத் துணை ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் விட்டிருந்ததாகவும், அவர் இப்போது தொழிலில் இல்லை என்றும் கட்டுநர் சொன்னார். அது உண்மையாகவே இருக்கலாம், அவருக்கும் அது வருத்தம் தந்திருக்கலாம். ஆனால் எங்கள் ஒப்பந்தம் அவருடன்தான். அவர் யாரிடம் வேலையைப் பிரித்துக் கொடுத்தார், யாரிடம் இழப்பை மீட்பார் என்பது அவர்களுக்கு இடையிலான கணக்கு. இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தத் தேவையில்லை, ஆனால் சொல்லாமல் விட்டுவிடவும் கூடாது.

பேரம் உண்மையில் தொடங்கியது அதற்குப் பிறகுதான். தளத்தைச் சரிசெய்யும் செலவை ஏற்க ஒப்புக்கொண்டவர், அதைச் சுற்றியுள்ள செலவுகளைப் பற்றிப் பேசத் தயங்கினார். பொருள்களை அப்புறப்படுத்துவது, வேலை நடக்கும்போது வேறிடத்தில் தங்குவது, மின்விசிறிக் கொக்கியையும் மின்குழாய்களையும் மீண்டும் பொருத்துவது, இறுதியில் வண்ணம் அடிப்பது, நாங்கள் பொறியாளருக்குக் கொடுத்த கட்டணம் எல்லாம் அந்தக் குறையின் விளைவாக வந்த செலவுகளே. எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரே பட்டியலில் எழுதி வைத்திருந்ததால் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பேச முடிந்தது. சிலவற்றை அவர் ஏற்றார், சிலவற்றை நாங்கள் ஏற்றோம். தங்கும் செலவை விட்டுக்கொடுத்து, நடையில் விரிசல் தெரியாத பகுதியையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தோம். அது சரியான தேர்வு என்றே இன்றும் நினைக்கிறேன், ஏனென்றால் விரிசல் விழாத இடத்திலும் உறை அதே அளவுக்குத்தான் இருந்தது.

வேலை தொடங்குவதற்கு முன் எங்களிடம் கையொப்பம் கேட்ட தாளில், "இத்துடன் அனைத்துக் கோரிக்கைகளும் முழுமையாகத் தீர்ந்தன" என்ற வரி இருந்தது. இப்படியொரு வரி பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் சேர்க்கப்படுவதில்லை; அது அச்சிட்ட படிவத்தின் ஒரு பகுதியாகவே வந்துவிடுகிறது. ஆனாலும் அதன் விளைவு கடுமையானது. அதை நீக்கச் சொல்லி, "பின்வரும் அறிக்கையில் குறிப்பிட்ட பகுதிகளின் பழுதுநீக்கம், பின்வரும் செயல்முறைப்படி முடிந்து, உரிமையாளர் தரப்புப் பொறியாளர் சான்றளித்த பின், அப்பகுதிகள் தொடர்பான கோரிக்கை தீர்ந்ததாகக் கொள்ளப்படும்" என்று எழுத வைத்தோம். பழுதுநீக்கிய பகுதிக்குத் தனியாக உத்தரவாதக் காலத்தையும் அதே தாளில் சேர்த்தோம்.

பழுதுநீக்கும் வேலையை நான் அருகிலிருந்து பார்த்தேன், அதில் எந்தக் கட்டத்தையும் தாண்ட விடக்கூடாது என்பதைப் புரிந்துகொண்டேன். முதலில் தளத்திற்கு முட்டுக்கொடுத்தார்கள். பிறகு தளர்ந்த கான்கிரீட்டை மட்டும் அல்லாமல், துருப்பிடித்த கம்பியின் பின்புறம் விரல் நுழையும் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் ஆழத்திற்குக் கொத்தி எடுத்தார்கள். கம்பியின் முன்பக்கத்தை மட்டும் தேய்த்துவிட்டால் பின்பக்கத் துரு அப்படியே இருக்கும் என்பதால், பொறியாளர் மிகவும் வற்புறுத்திய கட்டம் இதுதான். துரு நீங்கிக் கம்பி உலோகப் பளபளப்புடன் தெரியும்வரை சுத்தம் செய்து, விட்டத்தை அளந்தார்கள். குறுக்குப்பரப்பு கணிசமாகத் தேய்ந்த இடங்களில் புதிய கம்பியை உரிய நீளம் மேற்படியவைத்துச் சேர்த்தார்கள். துத்தநாகம் கலந்த காப்புப் பூச்சு, பழைய கான்கிரீட்டுடன் புதியதைப் பிணைக்கும் பூச்சு, பாலிமர் கலந்த பழுதுநீக்கக் கலவை என்று வரிசையாகச் செய்தார்கள். கலவையை ஒரே தடவையில் தடிமனாக அடிக்காமல் அடுக்கடுக்காக ஏற்றி, ஒவ்வொன்றையும் முறையாக நீராற்றினார்கள். தளத்தின் அடிமட்டத்தைச் சற்று இறக்கி, கம்பிக்குக் கீழே போதிய உறை கிடைக்கும்படி செய்த பிறகு, கரியமில வாயு உள்ளே புகுவதைக் குறைக்கும் மேற்பூச்சை முழு அடிப்பரப்பிலும் அடித்தார்கள். அறையின் உயரம் சிறிது குறைந்ததும் தளத்தின் எடை சிறிது கூடியதும் பொறியாளர் முன்பே கணக்கிட்டு ஒப்புதல் தந்தவை.

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அடுத்த கட்டம் அதை மூடிவிடும். அதனால் மூடும் முன்பு படம் எடுப்பது, பொறியாளர் வந்து பார்ப்பது, இரு தரப்பும் அன்றைய தாளில் கையொப்பமிடுவது ஆகிய மூன்றையும் உடன்படிக்கையிலேயே சேர்த்திருந்தோம். முதல் தடவை கட்டியபோது மூடப்பட்ட பின் யாராலும் பார்க்க முடியாமல் போனதுதான் இத்தனைக்கும் காரணம். அதே வாய்ப்பை இரண்டாம் தடவையும் தரக்கூடாது என்பதில் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. கம்பி கட்ட வந்த தொழிலாளர்கள் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தாங்கள் சுத்தம் செய்த கம்பியை யாரோ வந்து கவனித்துப் பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு நிறைவு இருந்ததையே கண்டேன்.

கட்டியவர் இன்னும் தொழிலில் இருந்தது எங்களுக்குச் சாதகமாக அமைந்தது. நிறுவனம் மூடப்பட்டிருந்தாலோ பொறுப்பேற்கும் வசதியை இழந்திருந்தாலோ நிலைமை கடினம். இந்தச் சிக்கலுக்குச் சில நாடுகள் காப்பீட்டின் மூலம் விடை கண்டிருக்கின்றன. பிரான்சில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் பத்து ஆண்டுப் பொறுப்புக்கான காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஜப்பானில் கட்டமைப்புக் கணக்குகளைப் பொய்யாகத் தயாரித்த விவகாரம் 2005ஆம் ஆண்டில் வெளிவந்து, வீடுகளை விற்ற நிறுவனம் திவாலாகி, வாங்கியவர்கள் தவித்து நின்ற பிறகு, புதிய வீடு தருபவர்கள் காப்பீடு எடுக்கவோ வைப்புத்தொகை கட்டவோ வேண்டும் என்ற சட்டம் 2009ஆம் ஆண்டில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இத்தகைய ஏற்பாடு இல்லாத இடங்களில், கட்டுநரின் பெயரில் வேறு நிறுவனம் நடக்கிறதா, பொறுப்பு அதற்கு மாறியிருக்கிறதா, வடிவமைத்த பொறியாளருக்கும் மேற்பார்வையிட்டவருக்கும் தொழில்முறைக் காப்பீடு இருந்ததா, நீர்த்தடுப்பு போன்ற வேலைகளுக்குப் பொருள் தயாரித்தவர் தனியாக உத்தரவாதம் கொடுத்திருந்தாரா என்ற திசைகளில் தேட வேண்டும். ஒப்படைப்பின்போது கிடைத்த தாள்களில் இந்த உத்தரவாதங்கள் பல நேரம் யாரும் பிரித்துப் பார்க்காமலே கிடக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால், பக்கத்து வீட்டாரின் தளத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரே நாளில் கான்கிரீட் போட்ட தளத்தில் குறை ஒரு வீட்டோடு நின்றிருக்க வாய்ப்புக் குறைவு, பலர் கையொப்பமிட்ட கடிதத்திற்குப் பதிலும் விரைவாக வரும்.

எங்கள் உத்தரவாதத் தாளின்படி, பழுதுநீக்கிய தளத்தை ஆண்டுக்கு ஒரு முறை இருதரப்பும் சேர்ந்து தட்டிப் பார்த்து, விரிசல் இருக்கிறதா என்று பதிவுசெய்ய வேண்டும். முதல் ஆண்டுப் பார்வையில் கட்டுநர் தாமே நேரில் வந்தார். பொள்ளல் ஓசை எங்கும் இல்லை. மொட்டைமாடி வாட்டத்தில் ஓரிடத்தில் தண்ணீர் தேங்குவதைச் சுட்டிக்காட்டினோம், அதையும் பதிவில் எழுதிக் கையொப்பமிட்டு, அந்த இடத்தைச் சரிசெய்யும் நாளையும் குறித்துவிட்டுப் போனார்.